வியாபாரப் பட்டினம் எந்தச் சாமியைத் தடை செய்யும்?

வாசகர் ஒருவர், ஜூலை 11

உங்கள் கதையில் வரும் கழிமுகப்பட்டினத்தில் மூன்று சாமிகளைக் கும்பிடக் கூடாது என்று சட்டம். ஏன் என்று நீங்கள் சொல்லவே இல்லை. எனக்கு இது ஒட்டவில்லை. மலைக்கோட்டைக்குள் அடைந்து கிடக்கும் ராஜா தடை செய்வான், சரி. கப்பல் வந்து போகிற ஊர் எதற்குச் செய்யும்? யவனன் வந்தால் அவன் சாமிக்கு ஒரு மூலை, சீனன் வந்தால் அவன் சாமிக்கு ஒரு மூலை. சுங்கம் ஒழுங்காக வந்தால் போதாதா? வியாபாரிக்கு எந்தச் சாமியும் பகை இல்லை.

ஜூலை 11, இரவு

மாட்டிக்கொண்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பட்டினத்தின் வரைபடம் போட்டபோது ஆற்றின் தென்கரையில் இடம் காலியாகக் கிடந்தது. இடிந்த கோயில் மூன்று வரைந்தேன். இடிந்ததற்குக் காரணம் வேண்டுமே என்று தடைச் சட்டம் போட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

இப்போதைக்குப் பதில்: நரபலி கேட்கிற சாமிகள். அதனால் தடை.

ஜூலை 12, காலை

நரபலி வாபஸ். காபி ஆற்றிக்கொண்டே மனைவி கேட்டாள்: “அதுக்கு எதுக்கு வியாபார ஊரு? எந்த ஊரா இருந்தாலும் பிடிச்சு உள்ளே போட மாட்டாங்களா?” சரிதான். கெட்ட சாமியைத் தடை செய்வதில் கதையே இல்லை. நல்ல சாமியை, நல்லவர்கள் கும்பிடுகிற சாமியைத் தடை செய்ய வேண்டும். அதுவும் வியாபாரம் நடக்கிற ஊர் என்பதாலேயே தடை செய்ய வேண்டும்.

ஜூலை 14

இரண்டு நாளாகக் கேள்வி கேட்டவர் பக்கம் நின்று யோசித்தேன். அவர் பக்கம் ரொம்ப பலமாக இருக்கிறது.

நான் இருப்பது மயிலாடுதுறையில். கிழக்கே போனால் பூம்புகார். சிலப்பதிகாரம் அந்த ஊரில் சொல்லும் கோயில்களை எண்ணிப் பாருங்கள். சிவன், முருகன், பலராமன், திருமால், இந்திரன் எல்லாருக்கும் தனித்தனியாக உண்டு. சமணரும் பௌத்தரும் வேறு. மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவில் நாளங்காடி, அந்த அங்காடியைக் காக்க ஒரு பூதம், பூதத்துக்குப் படையல். மீன்பிடிக்கிறவர்கள் சுறாவின் கொம்பை நட்டு வைத்துக் கும்பிட்டார்கள் என்று பட்டினப்பாலை சொல்கிறது. சுறாக் கொம்புக்கே இடம் கொடுத்த ஊர் யாரை விரட்டப் போகிறது?

தெற்கே நாகப்பட்டினம். கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசன் அங்கே புத்த விகாரை எடுக்கிறான். ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், ஆனைமங்கலத்தின் வருவாயை அதற்குக் கொடுக்கிறான். சைவ அரசன், பௌத்த விகாரை, வெளிநாட்டான் காசு. யாருக்கும் உறுத்தவில்லை. பக்கத்து நாகூரில் தர்காவின் பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தது தஞ்சாவூர் மராத்திய அரசர் பிரதாப சிங். 131 அடி. கடலில் வருகிறவனுக்கு அடையாளமும் அதுதான்.

நாகை விகாரையை டச்சுக்காரன் இடித்தான், அதை மட்டும் தடைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 14, மாலை

திருத்தம். நாகையிலிருந்து ஒரு அக்கா எழுதி என் காதைத் திருகிவிட்டார். டச்சுக்காரர் காலம் முழுக்க அந்தக் கோபுரம் நின்றிருக்கிறது. மிச்சமிருந்த செங்கல் கோபுரத்தை இடித்தது 1867-இல், ஆங்கிலேயர் அனுமதியோடு, ஏசு சபைப் பாதிரிமார். ஆக அந்த ஒரு உதாரணமும் போச்சு.

ஜூலை 15

எதிரியின் சாமி என்றால் தடை செய்வார்கள் என்று ஒரு தம்பி சொல்கிறார். அதற்கும் நாகையே குறுக்கே நிற்கிறது. 1025-இல் ராஜேந்திரன் கப்பல் அனுப்பி அதே ஸ்ரீவிஜயத்தைச் சூறையாடினான். விகாரை எடுத்து இருபது வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. அந்த விகாரையை என்ன செய்தான்? ஒன்றும் செய்யவில்லை. 1090-இல் குலோத்துங்கன் அதன் நிலத்துக்கு மறுபடி செப்பேடு கொடுக்கிறான், கடாரத்து, அதாவது அதே ஸ்ரீவிஜயத்துத் தூதர்கள் வந்து கேட்டதால். சண்டை சண்டையாக, விகாரை விகாரையாக.

ஆனால் தம்பி சொன்னது முழுப் பொய்யும் இல்லை. 1658-இல் போர்த்துக்கீசியரை விரட்டிவிட்டு டச்சுக்காரர் இலங்கையில் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, கத்தோலிக்கக் குருமாருக்கு இடம் கொடுப்பதைக் குற்றமாக்கியது. வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன்: விகாரைக்கு வந்தவன் கும்பிட்டுவிட்டுக் கப்பல் ஏறினான். கத்தோலிக்கக் குரு ஊருக்குள்ளேயே இருந்துகொண்டு வேறு இடத்து ஆணையைக் கேட்பான், கேட்கச் சொல்வான்.

ஜூலை 15, இரவு

ஜப்பானை எப்படி மறந்தேன்! 1614-இல் கிறித்தவத்துக்குத் தடை, 1639-இல் போர்த்துக்கீசியக் கப்பலுக்குத் தடை. 1641-இலிருந்து டச்சுக்காரர் நாகசாகி ஓரத்தில் தேஜிமா என்ற சின்ன செயற்கைத் தீவில் முடங்கி வியாபாரம் செய்தார்கள். வெளிப்படையாக வழிபாடு கிடையாது. ஊர்க்காரர்களை வருஷா வருஷம் ஏசு படத்தை மிதிக்கச் சொல்லிச் சோதித்தார்கள். நாகையில் கோட்டை கட்டிய அதே கம்பெனிதான் அங்கே வாயைப் பொத்திக்கொண்டு செம்பு வாங்கியது. வியாபார ஊர் தடை செய்யாது என்ற கட்சிக்கு இது ஒரு அடி. ஆனாலும் அங்கே தடை போட்டது வியாபாரி இல்லை, மேலே இருந்து நாட்டை ஆண்ட ராணுவத் தலைவன், ஷோகுன். எனக்கு வியாபாரியே போடுகிற தடை வேண்டும்.

ஜூலை 18

கிடைத்துவிட்டது. தரங்கம்பாடியில் கிடைத்தது. நான் பத்துத் தடவையாவது போயிருக்கிற ஊர். கோட்டைச் சுவரில் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றிருக்கிறேன். கண் முன்னால் இருந்ததைப் பார்க்கவில்லை.

தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620-இல் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் வாங்கிய துறை அது. 1706-இல் சீகன்பால்கு வருகிறார். டென்மார்க் அரசரே அனுப்பிய லுத்தரன் பாதிரி. கோட்டைத் தலைவர் ஹாசியஸும் லுத்தரன்தான். ஒரே அரசர், ஒரே வேதம். 1708-இல் ஹாசியஸ் சீகன்பால்குவைப் பிடித்து நாலு மாதம் சிறையில் வைக்கிறார்.

எதற்கு என்று பாருங்கள். நாவிதர் ஒருவர் இறந்துபோகிறார். அவருக்கும் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒரு கத்தோலிக்கருக்கும் இடையே ஒரு கடன். நாவிதரின் விதவை சீகன்பால்குவிடம் வந்து அழ, அவர் இந்த வழக்கில் திரும்பத் திரும்பத் தலையிடுகிறார். தேவாலயத்தில் தலைவர் முன்னால் போய் மண்டியிடு என்று அந்த அம்மாவிடம் சொல்லியும் அனுப்புகிறார். ஹாசியஸுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கடன்! தர்க்கமும் இல்லை, வேதமும் இல்லை. கடன் வழக்கைக் கச்சேரியிலிருந்து தூக்கிக் கோயிலுக்குள் கொண்டுபோனதுதான் குற்றம். வியாபார ஊரில் இதைவிடப் பெரிய குற்றம் எது?

(ஆங்கிலேயக் கம்பெனியும் தன் எல்லைக்குள் பாதிரிமாரை 1813 வரை தாராளமாக விடவில்லை. வியாபாரம் கெட்டுப்போகும் என்ற பயம். சொந்தச் சாமியையே வாசலில் நிறுத்தி வைத்தவர்கள்.)

ஜூலை 19

இது என் வீட்டுக் கதை, கொஞ்சம் நீளும்.

தாத்தாவுக்கு நெல் மண்டி. ஒருத்தர் முப்பது மூட்டைக்குக் காசு கொடுக்க வேண்டும். கொடுத்தாச்சு என்கிறார். சீட்டு எதுவும் இல்லை. ஊர் வழக்கப்படி அம்மன் கோயிலுக்குப் போனார்கள். தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். அந்த ஆள் “கொடுத்துட்டேன், ஆத்தா சத்தியம்” என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தார். தாத்தா ஒரு வார்த்தை பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கற்பூரம் அடித்துவிட்டால் அதற்கு மேல் கேட்கக் கூடாது.

அப்புறம் ஒரு வருஷம் கழித்து அந்த ஆள் எங்கோ ஒரு கோயிலுக்குப் போய்ப் பரிகாரம் செய்து, தீர்த்தமாடி, மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். பொய்ச் சத்தியம் செய்தேன், மனசு அறுத்தது, இப்போது கழுவிவிட்டேன் என்று டீக்கடையில் அவரே சொன்னாராம். தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது: “சாமி மன்னிச்சுட்டார், சரி. என் நெல்லை யார் மன்னிக்கிறது?”

இப்போது கழிமுகப்பட்டினத்துக்கு வருவோம். அங்கே பத்திரம் கிடையாது, பத்து பாஷை பேசுகிறவன் வருவான், ஒருவன் எழுத்து இன்னொருவனுக்குப் புரியாது. சத்தியம் ஒன்றுதான் பிடிமானம். அந்த ஊரில் ஒரு சாமி. அவர் குளத்தில் முங்கி எழுந்தால் பழைய சத்தியம் எல்லாம் கழுவப்பட்டது. பெயர் வைத்துவிட்டேன்: ஈவுடையார். அன்பான சாமி, ஏழைகளின் சாமி. கடன்பட்டவன் அழுதுகொண்டு போவான், சிரித்துக்கொண்டு வருவான்.

அவரைத் தடை செய்யாமல் எந்த வணிகக் குழு தூங்கும்?

ஜூலை 20

ஈவுடையாரைத் தடை செய்தவர்கள் வில்லன்களா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தெரிந்தால் கதை எழுதியிருக்க மாட்டேன். தாத்தா பக்கம் நின்றால் தடை சரி. அந்த நாவிதர் மனைவி பக்கம் நின்றால் தப்பு.

ஜூலை 23

இரண்டாவது சாமிக்கு ரோமாபுரியிலிருந்து உதவி வந்திருக்கிறது, கும்பகோணத்து வாசகர் ஒருவர் வழியாக. கி.மு. 186-இல் பாக்கஸ் என்ற மதுச் சாமியின் வழிபாட்டை ரோம சபை அடக்கியது. நான் ‘ஒழித்தார்கள்’ என்று எழுத, ‘ஒழிக்கவில்லை ஐயா, ஆணையைப் படியுங்கள்’ என்றார். படித்தேன். அனுமதி வாங்கிக் கும்பிடலாம். ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது. பொதுப் பணம் வைத்துக்கொள்ளக் கூடாது. தங்களுக்குள் சத்தியம் செய்து கட்டுப்படக் கூடாது.

குடி, கூத்து பற்றி ஊரெல்லாம் பேச்சு. சட்டம் குறி வைத்தது உண்டியலையும் கூட்டுச் சத்தியத்தையும்.

படித்ததும் எனக்கு அந்தச் சீட்டு ஞாபகம் வந்தது. ஊர் பெயர் வேண்டாம். ஒரு அம்மன் பெயரில் மாதச் சீட்டு. ஏலத்தில் வருகிற கழிவில் ஒரு பங்கு கோயிலுக்கு. நோட்டின் முதல் பக்கத்தில் அம்மன் படம், மஞ்சள் குங்குமம். நானும் பதினோரு மாதம் கட்டினேன். பன்னிரண்டாவது மாதம் ஆள் இல்லை. எல்லாரும் போய்ப் புகார் கொடுக்கலாம் என்றால் பாதிப் பேர் தயங்கினார்கள். “சாமி காசு, ஸ்டேஷன் வரைக்கும் கொண்டு போகணுமா?” அந்தத் தயக்கத்தைத்தான் அவன் நம்பியிருந்தான். படம் ஒட்டியது பக்திக்கு இல்லை.

அதனால் இரண்டாவது சாமி: துறைமுகச் சுமைக்காரர்களின் சாமி. நாற்பது பேர் சேர்ந்து அவர் முன்னால் கை வைத்துச் சத்தியம் செய்வார்கள். கூலியில் பத்தில் ஒன்று அவர் பெட்டிக்கு. பெட்டியில் எவ்வளவு என்று வெளியாளுக்குச் சொன்னால் நாக்கு அழுகும்.

ஜூலை 23, இரவு

“இது சாமி இல்லை அண்ணே, தொழிற்சங்கம்” என்று ஒரு தம்பி. சிரித்துவிட்டேன், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. என் சீட்டுக்காரன் மேல் இருந்த கோபத்தில் சுமைக்காரர் பெட்டியைத் திருட்டுப் பெட்டியாகவே எழுதிவிட்டேன். தடை போட்டவன் கப்பல் முதலாளி. பெட்டியில் பணம் இருந்தால் சுமைக்காரன் பத்து நாள் வேலைக்கு வராமல் உட்கார்ந்து கூலி உயர்வு கேட்பான். அதுதான் பயம். செங்கொடி ஏறிய டெல்டாவில் பிறந்துவிட்டு இது எனக்கு முதலிலேயே தோன்றாதது வெட்கம். அந்த அத்தியாயத்தை மறுபடி எழுதுகிறேன்.

ஜூலை 27

எல்லாரும் கேட்பது: கோயில் என்றால் வியாபாரிக்கு நட்பு இல்லையா, கோயில்தானே வட்டிக்குக் கொடுத்தது? ஆமாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. கோயிலுக்கு வந்த காசை ஊர்ச் சபைகள் வாங்கிக்கொண்டு ஆண்டுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு வட்டி கட்டின. இன்றைய கணக்கில் நூற்றுக்கு 12.5.

சாமியே கடன் கொடுக்கிறவர் என்றால், அவருக்குக் கடன்பட்டவன் ஆட்சிக்கு வந்தால் என்ன ஆகும்? பிரான்ஸில் ஆனது. டெம்ப்ளர்கள் என்ற கிறித்தவத் துறவி வீரர் சபையிடம் நான்காம் பிலிப் அரசன் பெருங்கடன் பட்டிருந்தான். 1307 அக்டோபர் 13 விடியற்காலையில் அவர்களை நாடு முழுக்கப் பிடித்தான். சொன்ன குற்றம் மத விரோதம்.

இதை மூன்றாவது சாமிக்கு எடுக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் சுவாமிமலை குறுக்கே வந்தது.

ஜூலை 29

சுவாமிமலையில் தெரிந்தவர் பட்டறைக்கு ஒரு நடை போய் வந்தேன். மெழுகில் ஒரு சின்ன நடராஜர், விரல் நகம்கூட மெழுகில் தெரிகிறது. மேலே காவிரி வண்டலை மாவு போலக் குழைத்துப் பூசினார்கள். காய வேண்டும், மறுபடி பூச வேண்டும். மெழுகை உருக்கி வெளியே விட்டுவிட்டு அந்தக் காலி இடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். மூலையில் சாக்கில் பழைய பித்தளைக் குடம், நசுங்கிய அண்டா, செம்புக் கம்பிச் சுருள். “எல்லாம் சாமியாகப் போறது” என்றார்.

சாக்கைப் பார்த்ததும் சீனா ஞாபகம். 845-இல் தாங் பேரரசன் வூசோங் பௌத்தத்தை நசுக்கினான். 4,600-க்கு மேல் மடங்கள் மூடல். இரண்டரை லட்சத்துக்கு மேல் துறவிகள் காவியைக் கழற்றி வரி கட்டுகிற குடிகளானார்கள். செப்புப் புத்தர்களை உருக்கிக் காசு அடிக்கச் சொல்லி உத்தரவு. பக்தியில் சண்டை இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் செம்புக்கும் வரிக்கும் பஞ்சம் இருந்தது.

மூன்றாவது சாமி முடிவாயிற்று. செம்பில் மட்டுமே செய்யக் கூடிய சாமி. வீட்டுக்கு ஒன்று இருக்க வேண்டும், வருஷா வருஷம் புதிதாக வார்க்க வேண்டும், பழையதை ஆற்றில் விட வேண்டும். ஊரில் காசடிக்கச் செம்பு இல்லை. கடல் கடந்து வரும் செம்பெல்லாம் ஆற்றின் அடியில். அக்கசாலை அதிகாரி என்ன செய்வான் பாவம்?

ஜூலை 30

தடை செய்தால் சிலைகளை எங்கே ஒளிப்பார்கள் என்று கேட்டவருக்கு: மண்ணில்தான். நம் பக்கம் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினால் கடப்பாரை டங் என்கிறது, தாசில்தார் வருகிறார். திருவெண்காட்டுச் செப்புத் திருமேனிகள் தஞ்சைக் கலைக்கூடத்துக்கு வந்தது மண்ணுக்குள்ளிருந்துதான். யாரோ ஒருவர் அவசரத்தில் புதைத்திருக்கிறார், வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பி.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. காலையில் படித்துறையில் இடம் இல்லை. தண்ணீர் இடுப்புக்குக் கீழேதான், ஆனாலும் காவிரி வந்தாள் என்று பேர். பெண்கள் வாழை இலையில் காதோலை, கருகமணி, காப்பரிசி வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். அம்மா என் மணிக்கட்டிலும் ஒன்று கட்டினாள்.

கட்டிக்கொண்டே பட்டினத்தைத்தான் நினைத்தேன், உருப்படவே மாட்டேன். இதை எந்த அதிகாரி தடை செய்ய முடியும்? கூரை இல்லை, உண்டியல் இல்லை, பூசாரி இல்லை, கணக்கு இல்லை. ஆற்றையே சாமி என்றால் பூட்ட ஒரு கதவு வேண்டாமா? கோயில் இருந்தால்தான் பூட்டு. என் மூன்று தடைகளும் கட்டடத்தோடு போயிருக்கும். சாமி போயிருக்க மாட்டார். அப்படியானால் ஈவுடையார் எங்கே போனார்?

ஆகஸ்ட் 4

சுறாக் கொம்பு என்று பலர் எழுதிவிட்டீர்கள். மீனவர் குப்பத்துக்குப் போய் ஒரு கொம்பாக நிற்கிறார் என்று. நன்றாக இருக்கிறது. ஆனால் அதை எல்லாரும் ஊகித்துவிட்டீர்கள், அதனால் வேண்டாம்.

ஆகஸ்ட் 9

தாத்தா மண்டியில் நெல் அளப்பதைச் சின்ன வயதில் படியில் உட்கார்ந்து பார்ப்பேன். மரக்காலை நெல்லில் முக்கி, குவித்து, கையால் தலை வழித்து, சாக்கில் கவிழ்ப்பார் அளக்கிறவர். எண்ணிக்கையை ராகமாகச் சொல்வார். முதல் மரக்காலுக்கு ‘ஒண்ணு’ என்று சொல்லவே மாட்டார். ‘லாபம்.’ அப்புறம் ரெண்டு, மூணு. பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் நானும் லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணி வாத்தியாரிடம் குட்டு வாங்கினேன். இந்தக் குறுவைக்குக் கொள்முதல் நிலையத்தில் மின் தராசு, நாற்பது கிலோ மூட்டை, எல்லாம் புதுசு. ஆனால் லாரியில் ஏற்றுகிற பெரியவர் முதல் மூட்டையை எறிந்ததும் “லாபம்” என்றார். அவருக்கே அது காதில் விழுந்திருக்காது.

ஈவுடையார் அங்கேதான் போயிருக்கிறார். வேறு எங்கே போவார்!

கடைசி அத்தியாயத்தில் ஒரு பக்கம் எழுதிவிட்டேன், சுருக்கிச் சொல்கிறேன். இடிந்த குளக்கரையில் விளக்கு வைத்த ஒரு பையனைச் சுங்க அதிகாரி பிடிக்கிறார். கையைப் பின்னால் கட்டிப் பண்டகசாலை வாசலில் உட்கார வைக்கிறார். விசாரணை சாயங்காலம். அதற்குள் மிளகுக் கப்பல் வந்துவிடுகிறது, ஆள் போதவில்லை, அதிகாரியே மேல்துணியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மூட்டை எண்ண நிற்கிறார். முதல் மூட்டை இறங்குகிறது. கட்டுண்ட பையன் நிமிர்ந்து பார்க்கிறான். அதிகாரி கரிக்கட்டியால் சுவரில் ஒரு கோடு கிழித்துவிட்டு, அவருடைய அப்பாவும் தாத்தாவும் சொன்ன மாதிரியே உரக்கச் சொல்கிறார்: “ஈவு... ரெண்டு... மூணு...”